சாப்பிட்ட பிறகு, இரண்டு மாத்திரை

புறாக்களை விரட்டி ஜெயித்த பிறகுதான் பாச்சாவுக்குப் பயம் வந்தது. அதுவரைக்கும் அவரிடம் இருந்தது கோபம் மட்டும்தான். அது அவருக்குப் புதிதில்லை.

பார்த்தசாரதி என்கிற பெயர் பள்ளிக்கூடப் பதிவேட்டோடு ஓய்வுபெற்றுவிட்டது. சின்னக் காஞ்சிபுரம் சன்னிதித் தெருவுக்கு அவர் பாச்சா. முப்பத்தாறு வருஷம் கணக்கு வாத்தியார். விடை சரியாக இருந்தாலும் வழியை எழுதாவிட்டால் பாதி மதிப்பெண்ணைப் பிடுங்கிக்கொள்கிற ரகம். அப்படிப்பட்டவருக்கு ஆறு வாரமாக ஒரு கணக்கு விடை தராமல் படுத்திக்கொண்டிருந்தது. அவர் மனைவி அம்ருதவல்லியின் மூச்சுதான் அந்தக் கணக்கு.

புறா விவகாரம் டாக்டர் உமாபதியால் வந்தது. சென்னையில் நுரையீரல் பார்க்கிற டாக்டர். வயது நாற்பதுகூட இருக்காது. "வீட்டுக்கிட்ட புறா இருக்கா சார்? எச்சம் காஞ்சு தூசியாப் பறந்தா சில பேருக்கு நுரையீரலுக்கு ஆகாது" என்று போகிறபோக்கில் கேட்டுவைத்தார். போதாதா? பக்கத்து வீட்டு ஆதிகேசவன் மொட்டைமாடியில் தினமும் கம்பு இறைப்பவர். விடிந்தால் நூறு புறாக்கள் அங்கே ஆஜர். பாச்சா அன்று மாலையே சண்டைக்குப் போனார்.

"ஓய் பாச்சா, பட்சிகளுக்குப் போடறது புண்ணியம் ஓய்!"

"புண்ணியம் உமக்கு, எச்சம் என் ஆத்துக்காரிக்கா?"

தெருவே வேடிக்கை பார்த்தது. ஆதிகேசவன் நல்ல மனிதர். அம்ருதவல்லியின் பெயரைச் சொன்னதும் அடங்கிவிட்டார், கம்பு இறைப்பதையும் நிறுத்திவிட்டார். பாச்சா தன் மாடியில் வலை கட்டினார், பழைய குறுந்தகடுகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டார். பத்தே நாளில் ஒரு புறா கிடையாது. பத்தாவது நாள் சாயங்காலம் அம்ருதவல்லியின் விரலில் ஆக்ஸிஜன் அளக்கும் கருவியை மாட்டிப் பார்த்தார். போன வாரம் தொண்ணூற்றொன்று காட்டியது இப்போது எண்பத்தொன்பது காட்டியது.

புறாவுக்கு முன்னால் அவர் விரட்டியவை ஏராளம். முதலில் ஊதுபத்தி போயிற்று. அப்புறம் சாம்பிராணி, கற்பூரம், கொசுவத்தி. எதிர்ச்சாரியில் வீடு கட்டுகிற வேல்முருகனிடம் போய், மணலை நனைத்துவிட்டுத்தான் சலிக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். பட்டுப்புடவை வாங்க வருகிறவர்களின் வேன்கள் வாசலில் எஞ்சினை அணைக்காமல் நின்றால் இறங்கிப் போய்க் கண்ணாடியைத் தட்டுவார். மகள் கோதா சென்னையிலிருந்து காற்றைச் சுத்தப்படுத்தும் இயந்திரம் ஒன்றை அனுப்பியிருந்தாள். அது கூடத்தில் இருபத்துநாலு மணி நேரமும் உறுமிக்கொண்டிருந்தது. இவ்வளவுக்கும் அம்ருதவல்லிக்கு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை. அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள்.

போன வருஷம் இடது மார்பில் கட்டி. அறுவை சிகிச்சை, ஊசி மருந்து, கடைசியில் கதிர் சிகிச்சை என்று எல்லாம் முறைப்படி நடந்தது. கடைசி நாளன்று ஆஸ்பத்திரியில் மணி அடிக்கவிட்டு, கைதட்டி, லட்டு கொடுத்து அனுப்பினார்கள். புற்றுநோய் போய்விட்டது என்று தெருவே வந்து விசாரித்துவிட்டுப் போயிற்று. இரண்டு மாதம் கழித்து வறட்டு இருமல் ஆரம்பித்தது. சளி என்றார் ஒருவர், அலர்ஜி என்றார் ஒருவர். ஒரு மாதம் சிரப்பாகக் குடித்துத் தீர்த்த பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்த்த உமாபதிதான் விஷயத்தைச் சொன்னார்.

"கட்டி இருந்த இடத்துக்குக் கொடுத்த கதிர், பின்னாடி இருக்கிற நுரையீரலையும் கொஞ்சம் சுட்டிருக்கு. அதனால வீக்கம். எல்லாருக்கும் வராது, சில பேருக்கு வரும்."

"இதை எங்கிட்ட யாரும் சொல்லலியே!" என்று பாச்சா எகிறினார்.

"நீங்க கையெழுத்துப் போட்ட தாள்ல இருக்கு சார்."

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தார். இருந்தது. நாலாவது பக்கம், கீழிருந்து மூன்றாவது வரி. அதற்குக் கீழே அவருடைய கையெழுத்து, பள்ளிப் பையன்களின் தாள்களில் போட்ட அதே நேரான கையெழுத்து. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் அவரைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் மோசமானது.

வீக்கத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரை. தினமும் காலையில் இரண்டு. அதற்கு உமாபதி மூன்று நிபந்தனைகள் சொன்னார். வெறும் வயிற்றில் கூடவே கூடாது, வயிறு புண்ணாகிவிடும். காலை வேளையிலேயே போட்டுவிட வேண்டும். மதியத்துக்கு மேல் போடவே கூடாது, இரவு தூக்கம் வராது. அம்ருதவல்லி நல்ல மாணவியைப்போல் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

முதல் ஒரு மாதம் ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்று அவள் கோதாவின் ஃபிளாட்டில் இருந்தாள். பாச்சா போகவில்லை. வீட்டில் பூட்டனார் காலத்துச் சாளக்கிராமம் இருக்கிறது. அந்தப் பெருமாளுக்குத் தினமும் திருவாராதனப் பூஜை செய்து, தளிகை பண்ணி அமுது படைக்க வேண்டும். பெருமாளைப் பட்டினி போட்டுவிட்டு சென்னையில் போய் உட்கார முடியுமா? ஆகவே தினமும் போனில் மட்டும் விசாரித்தார். அங்கே அவள் நன்றாகத் தேறினாள். மாதக் கடைசியில் தொண்ணூற்றாறு. ஒரு மாடி ஏறி இறங்கினாள். "இன்னும் ரெண்டு மாசம் இதே அளவு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு நிறுத்திடலாம்" என்று சொல்லி உமாபதி ஊருக்கு அனுப்பினார்.

ஊருக்கு வந்தாள், சரியத் தொடங்கினாள்.

இதுதான் பாச்சாவின் மண்டையைக் குடைந்தது. லாரியும் பஸ்ஸும் புகை கக்குகிற சென்னையில் தேறியவள், காஞ்சிபுரத்துக்கு வந்து மூச்சுத் திணறுகிறாள் என்றால் இந்தத் தெருக் காற்றில்தான் ஏதோ இருக்கிறது என்று அவர் முடிவு கட்டினார். மருந்தில் குறை இருக்க வழியில்லை. ஏனென்றால் மருந்து அவருடைய பொறுப்பு. காலை ஏழு மணிக்குக் குளிக்கப் போவதற்கு முன்னால் அவரே அட்டையைப் பிதுக்கி, இரண்டு மாத்திரைகளை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, நாட்காட்டியில் டிக் அடித்துவிடுவார். குளித்து, பூஜைக்கான மடி வேட்டி கட்டிக்கொண்டால் அப்புறம் மாத்திரை அட்டையை எல்லாம் தொட மாட்டார். நாற்பத்திரண்டு நாள், நாற்பத்திரண்டு டிக். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

மருந்து ஒரு பக்கம் என்றால் பிரார்த்தனை இன்னொரு பக்கம். எண் தொண்ணூற்று நாலுக்கு இறங்கிய அன்று திருவாராதனத்தோடு ஒரு பாராயணத்தைச் சேர்த்துக்கொண்டார். தொண்ணூற்று மூன்றானபோது இன்னொன்று. தொண்ணூற்றொன்றில் மூன்றாவது. சொல்லிக்கொண்டே வருகையில் அவர் கண்ணில் நீர் வழியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்குவார். அவள் கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அம்ருதவல்லிக்காக அந்த மனிதர் எதை வேண்டுமானாலும் செய்வார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, அவருக்கும் இல்லை.

புறாவும் போய் எண்ணும் இறங்கிய பிறகு அவளை அழைத்துக்கொண்டு உமாபதியிடம் ஓடினார். புது ஸ்கேனைத் திரையில் போட்டுவிட்டு டாக்டர் பழைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது மாத்திரைக்குக் கேட்க வேண்டிய வீக்கம் சார். முதல் மாசம் கேட்டுச்சு. இப்ப கேட்கலை. மாத்திரை ஒழுங்காப் போடுறாங்களா?"

பாச்சா நாட்காட்டியின் இரண்டு தாள்களையும் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் விரித்தார். டாக்டர் டிக்குகளைப் பார்த்தார்.

"உங்களை மாதிரி எல்லா வீட்டுலயும் இருந்தா எங்களுக்கு வேலையே இல்லை" என்றார். பாச்சாவுக்கு அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"அப்ப வேற ஏதோ நடக்குது. தொற்றா இருக்கலாம். இல்லேன்னா..." டாக்டர் அம்ருதவல்லியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பழைய நோய் நுரையீரலுக்குள்ள வந்திருக்கான்னும் பார்க்கணும். வியாழக்கிழமை அட்மிட் பண்ணிடுங்க. மூச்சுக்குழாய் வழியா ஒரு குழாய் விட்டுத் துளி சதை எடுத்துப் பார்த்துடலாம்."

"இந்த மூச்சுக்கு அது தாங்குமா?"

"ரிஸ்க்தான் சார். வெண்டிலேட்டர் வரைக்கும் போனாலும் போகலாம். ஆனா என்னன்னு தெரியாம நான் எதைக் கொடுக்கிறது?"

திரும்பி வருகிற காரில் அம்ருதவல்லி தூங்கிப்போனாள். பாச்சா முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு டிரைவரின் ஓட்டுமுறையில் வழிநெடுகக் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே வந்தார். அழாமல் இருக்க அவருக்குத் தெரிந்த ஒரே உபாயம் அது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எஸ்தர் வந்தாள். முசரவாக்கத்துக்காரி, பக்கத்துக் கிளினிக்கில் நர்ஸ். டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் தினமும் நாலரை மணிக்கு ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, மாமிக்கு மூச்சும் நாடியும் பார்த்துவிட்டுப் போவாள். பாச்சாவின் சிடுசிடுப்பை அவள் ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை. அன்று பெட்டி கட்டுவதற்கும் அவளே முன்வந்தாள்.

"ஆஸ்பத்திரில எல்லா மாத்திரையும் எடுத்துக்கினு வரச் சொல்லுவாங்க சார். எதெது எங்கெங்க கீதுன்னு சொல்லுங்க, ஒரே பையில போட்டுடறேன்."

பாச்சா தன் அலமாரியிலிருந்து அட்டைகளை எடுத்துக் கொடுத்தார். எஸ்தர் அம்ருதவல்லியின் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்த மர ஸ்டாண்டையும் ஒருமுறை துழாவினாள். தைலம், விபரம் எழுதிய சீட்டுகள், கண்ணாடிக்கூடு. அதற்குப் பின்னால் ஒரு பழைய பெருங்காய டப்பா. குலுக்கினால் கலகலத்தது. மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள்.

"என்னா மாமி இது?"

அம்ருதவல்லி முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"சார், இங்க வாங்க. இது அந்த ஸ்டீராய்டு மாத்திரை. டப்பா பூரா இருக்குது."

பாச்சா டப்பாவை வாங்கி நாளிதழின் மேல் கொட்டினார். வெள்ளை வெள்ளையாக உருண்டன. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனாலும் கணக்கு வாத்தியார் அல்லவா, இரண்டிரண்டாகத் தள்ளி எண்ணினார். முப்பத்தொரு ஜோடி. அறுபத்திரண்டு மாத்திரைகள். நாற்பத்திரண்டு நாளில் பதினோரு நாள் மட்டுமே மருந்து உள்ளே போயிருக்கிறது.

"அம்ருதம், என்னடி இது?"

"மாத்திரை" என்றாள் அவள்.

"மாத்திரைன்னு எனக்குத் தெரியறது! அது டப்பாவுக்குள்ள என்ன பண்றது? நான் தினம் கையில கொடுத்தேனே!"

"கொடுத்தேள்." ஒரு மூச்சு வாங்கிக்கொண்டாள். "வெறும் வயித்துல... கூடாதுன்னு டாக்டர்... சொன்னாரா இல்லையா?"

"சொன்னார்."

"பெருமாள் அமுது செய்யாம... இந்த ஆத்துல நான்... என்னிக்குச் சாப்ட்டிருக்கேன்?"

பாச்சா பெருமாள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க முடிச்சு எழுந்துக்கறச்சே... முன்னாடியே பன்னண்டு தாண்டிடும். இப்ப... பன்னண்டரை, ஒண்ணு. மத்யானத்துக்கு மேல போட்டா... தூக்கம் போயிடும்னார். அவர் சொன்னபடிதான் இருந்தேன். ஒண்ணுகூட மீறலை."

அதுதான் கணக்கு. மூன்று நிபந்தனைகள், மூன்றையும் அவள் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தாள். இந்த வீட்டில் மூன்றுக்கும் சேர்த்து ஒரே விடை பூஜ்யம்தான். அவர் பாங்குக்குப் போவதற்காகச் சுருக்கமாக முடித்த நாட்கள், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய நாட்கள், ஏகாதசிப் பட்டினியை விடிகாலையில் முடித்துப் பாரணை பண்ணுகிற துவாதசிகள் எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பதினொன்று. கோதா வீட்டில் சாளக்கிராமம் கிடையாது. ஏழரைக்கு நாலு இட்லியைத் தட்டில் வைத்து, "சாப்பிடும்மா, எனக்கு மீட்டிங்" என்று மகள் சொன்னால் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டு மாத்திரையையும் போட்டுக்கொண்டிருக்கிறாள். சென்னைக் காற்றுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"சொல்லித் தொலைச்சிருக்கலாமேடி!" பாச்சாவின் குரல் உடைந்தது. "வாய் இல்லையா உனக்கு? கல்யாணமான நாள்லேர்ந்து உப்பு ஜாஸ்தி, புளி கம்மின்னு என்னை விட்டுவெச்சிருக்கியா? இதை மட்டும் ஏன் சொல்லலை?"

"எனக்காகத்தானே பண்றேள்? கண்ணுல ஜலம் வழியறது உங்களுக்கு. நான் பாத்துண்டுதானே உக்காந்திருக்கேன். சட்டுனு முடிங்கோ, எனக்கு மாத்திரை போடணும்னு... எந்த வாயால சொல்றது?"

எஸ்தர் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, ஆறு வாரமா மாத்திரைய கையில வாங்கிக்கினு, டப்பால போட்டுக்கினு இருந்திருக்கீங்களே! நான் டெய்லி வந்து இன்னிக்கு எவ்ளோ, நேத்து எவ்ளோன்னு எழுதிக்கினு இருக்கறேன். எங்க வீட்லயுந்தான் ஜெபம் பண்ணாம யாரும் சோத்துல கை வெக்க மாட்டோம். ஆனா எங்க ஜெபம் ரெண்டு நிமிசம்மா!"

வேறு சமயமாக இருந்தால் பாச்சா அதற்கு ஒரு பதில் வைத்திருப்பார். அன்று அவர் நாளிதழின்மேல் கிடந்த மாத்திரைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரைத் திட்டலாம் என்று மனசு பழக்கதோஷத்தில் ஆள் தேடியது. டாக்டர் கிடைத்தார், அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அம்ருதவல்லி கிடைத்தாள், சொன்னதைச் செய்திருக்கிறாள். ஆதிகேசவனின் புறாக்கள் பாவம், ஒன்றும் செய்யவில்லை. எண் இறங்க இறங்க இவர் பாராயணத்தைக் கூட்டியிருக்கிறார், இவர் கூட்டக் கூட்ட எண் இறங்கியிருக்கிறது. அவள் மூச்சுக்காக அவர் வேண்டிய வேண்டுதலே அவள் மூச்சைப் பிடித்துவைத்திருக்கிறது. டிக் அடித்த கையை வெட்டிப் போட்டுவிடலாம் போல் இருந்தது அவருக்கு. கொடுத்ததற்குத்தான் டிக் அடித்திருக்கிறார், விழுங்கியதற்கு இல்லை. ஒரு பையன் இப்படி எழுதியிருந்தால் தாளைக் கிழித்திருப்பார்.

போனை எடுத்து உமாபதியைக் கூப்பிட்டார். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார்.

"சார், நான் இவங்களுக்குப் புற்றுநோய் நுரையீரலுக்கு வந்துடுச்சோன்னு நினைச்சு ஒரு வாரமாத் தூங்கலை" என்றார் டாக்டர். அவர் குரலிலும் எரிச்சல் இருந்தது. அது நியாயம் என்று பாச்சாவுக்கே பட்டது.

"இப்ப என்ன பண்ணணும் சொல்லுங்கோ."

"வியாழக்கிழமை குழாய் வேண்டாம், தள்ளிப்போடலாம். நாளைக் காலையிலேர்ந்து ஆரம்பிங்க. எட்டு மணிக்குள்ள சாப்பாடு, உடனே ரெண்டு மாத்திரை. மூணு வாரம். ஒரு நாள்கூட விடக்கூடாது சார். திடீர்னு விடுறதும் போடுறதுமா இருந்தா உடம்பே கவுந்துடும். மூச்சு இன்னும் இறங்கினா நேரம் காலம் பார்க்காம தூக்கிட்டு வந்துடுங்க. மூணு வாரத்துல படம் தெளியலைன்னா எனக்கு வேற வழியில்லை, குழாய் விட்டே ஆகணும்."

எஸ்தர் விடைபெற்றுக்கொண்டு கிளம்பினாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, "நாளைக்கு எட்டு மணிக்கு நான் போன் பண்ணுவேன். மாமிகிட்டதான் பேசுவேன், உங்ககிட்ட இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கூடத்தில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அம்ருதவல்லிதான் நாட்காட்டியைப் பார்த்தாள்.

"ஏன்னா, நாளைக்கு... ஏகாதசி."

பாச்சா நிமிர்ந்து பார்த்தார்.

"நாளன்னிக்கு துவாதசி... சீக்கிரமே பாரணை. அதுலேர்ந்து ஆரம்பிச்சுக்கலாம். ஒரு நாள்ல என்ன ஆயிடப்போறது?"

பாச்சாவின் ஏகாதசி தெருவில் பிரசித்தம். நாற்பத்தொரு வருஷமாக ஒன்றுகூட விட்டதில்லை. காய்ச்சலிலும் விட்டதில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பே மூட்டுவதில்லை, துளசி தீர்த்தம் மட்டும்தான். அரிசிதானே கூடாது என்று சொல்லிக்கொண்டு ரவையும் பழமுமாக வயிற்றை நிரப்புகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "உப்புமா ஏகாதசி" என்பார். அந்தப் பட்டத்தை வாங்காதவர்கள் தெருவில் குறைவு. ஆதிகேசவனுக்கு அது நேரிலேயே கிடைத்திருக்கிறது. அம்ருதவல்லியும் சிகிச்சைக்காக ஊரில் இல்லாத நாட்கள் தவிர அவரோடு சேர்ந்து பட்டினி கிடப்பவள்தான். அவர் சாப்பிடாமல் அவள் சாப்பிட்டதில்லை. அவர் கட்டளை போட்டாலும் இந்த ஒரு விஷயத்தில் அவள் கேட்க மாட்டாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவர் பார்க்காத நேரத்தில் மூடி வைத்துவிடுவாள். அது அவருக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

"பேசாம போய்ப் படு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு அடுக்களையில் சத்தம் கேட்டு அம்ருதவல்லி எழுந்து வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நிலையருகே நின்றாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பாச்சா குளித்து மடி கட்டிக்கொண்டு வாணலியில் ரவையைக் கிளறிக்கொண்டிருந்தார். சாதமும் பருப்பும் பழகிய கைக்கு உப்புமா புதிது. இஞ்சி கருகின வாசனை வந்தது. ஒரு பக்கம் கட்டி தட்டிப்போயிருந்தது. அதைக் கரண்டியால் குத்தி உடைப்பதற்குள் இன்னொரு பக்கம் அடிப்பிடித்தது. "சனியன், இது வேற" என்று அவர் வாணலியைத் திட்டினார்.

"ஏன்னா... இன்னிக்கு ஏகாதசி."

"எனக்குத் தெரியும்."

உப்புமாவைப் பாத்திரத்தில் எடுத்து, துளசி போட்டுப் பெருமாள் முன்னால் வைத்தார். மூன்று பாராயணங்களும் இல்லை, ஒன்றுகூட இல்லை. அமுது செய்விக்கிற மந்திரத்தை மட்டும் சொல்லி மணியை ஆட்டினார். பத்து நிமிஷத்தில் விழுந்து சேவித்து எழுந்தார். பெருமாளிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்கு நேரமில்லை, மணி ஏழேகால்.

மூன்று வாரம் கழித்து எடுத்த படத்தில் வீக்கம் முக்கால்வாசி வடிந்திருந்தது. இடது பக்கம் ஒரு வடு தங்கிவிட்டது, அது போகாது என்றார் உமாபதி. குழாய் வேண்டியிருக்கவில்லை. பழைய நோயும் வந்திருக்கவில்லை. ஆனால் அதெல்லாம் பிறகு. அந்தக் காலையில் இருவருக்கும் எதுவும் தெரியாது. எண்பத்தொன்பதில் நின்ற ஒரு எண்ணும், மூன்று வாரக் கெடுவும்தான் அவர்களிடம் இருந்தன.

பாச்சா இரண்டு தட்டுகளை வைத்தார். இரண்டிலும் உப்புமாவைப் பரிமாறினார்.

"எனக்கு மட்டும் வெச்சா... போறும்" என்று அம்ருதவல்லி அவசரமாகச் சொன்னாள். "நீங்க உபவாசம். நான் அப்புறமா... கொஞ்சமா..."

"உன்னோட அப்புறமா எல்லாம் டப்பாவுல பாத்தாச்சு. உக்காரு."

"ஏன்னா, வேண்டாம்னா. நாப்பது வருஷமா..."

"நாப்பத்தொண்ணு."

சப்பணமிட்டு உட்கார்ந்தார். முதல் கவளத்தை எடுத்தார். கை வாய்க்கருகே ஒரு கணம் நின்றது. வாயில் போட்டுக்கொண்டார். விழுங்கக் கொஞ்சம் நேரமாயிற்று. அவளைப் பார்க்காமல் இரண்டாவது கவளத்தை எடுத்தார், மூன்றாவதையும் எடுத்தார். அம்ருதவல்லி நின்றபடியே வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் அவளுக்காக எதையாவது விட்டுக்கொடுத்து அவள் பார்த்ததில்லை. அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"பெருமாளும் சாப்ட்டாச்சு, நானும் சாப்ட்டாச்சு" என்றார் பாச்சா, வாய் நிறைய உப்புமாவோடு. "இன்னும் யார் சாப்பிடணும்னு காத்துண்டிருக்கே? அழுதுண்டு நின்னா மணி எட்டாயிடும். உக்காருடி!"

உட்கார்ந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே சிறிது சிறிதாகச் சாப்பிட்டாள். பாதித் தட்டு ஆனதும் அவர் எழுந்து கை கழுவினார். மடியோடே மாத்திரை அட்டையை எடுத்தார், இரண்டைப் பிதுக்கினார், தண்ணீர்ச் செம்போடு அவள் முன்னால் குந்தினார். அவள் போட்டுக்கொண்டாள்.

"வாயைத் திற. நாக்கைத் தூக்கு."

திறந்து காட்டினாள். உள்ளே ஒன்றும் இல்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அம்ருதவல்லி தட்டில் மீதியிருந்ததை விரலால் ஒதுக்கினாள்.

"ஏன்னா, இதுல... உப்பே போடலை."

"ஆமாம். வாயில வெச்சப்பறம்தான் எனக்கே தெரிஞ்சுது."

"பின்னே எப்படி... முழுத்தட்டையும் சாப்ட்டேள்?"

"நான் பாதியில வெச்சா நீயும் வெச்சுடுவே" என்றார் பாச்சா. "எனக்குத் தெரியாதா உன்னை?"

அவள் மீதியையும் சாப்பிட்டாள்.